மஞ்சளைத் தவிர

வில்லை இழுத்துப் பிடித்திருக்கும்போது கண்ணை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு எங்கள் மைதானத்தில் ஒரே பதில்தான் உண்டு. மஞ்சளில் வை. எழுபது மீட்டர் தள்ளி நிற்கும் பலகையின் நடுவட்டம் மஞ்சள். வில்லில் குறிபார்க்கப் பொருத்தியிருக்கும் சைட்டின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க மனிதக் கண்ணால் ஆகாது. ஊசியைப் பார்த்தால் மஞ்சள் கலங்கும். மஞ்சளைப் பார்த்தால் ஊசி கலங்கும். ஊசி கலங்கினால் கலங்கட்டும், ஓர் ஈயைப் போல மஞ்சளின்மேல் பறந்துகொண்டிருக்கட்டும், நீ மஞ்சளை விடாதே. அம்பு போய்ச் சேர்ந்த பிறகும் விடாதே.

என் மனைவி தரணிகாவால் கடைசிக் கணத்தில் மட்டும் அது முடியவில்லை. விரல் நாணை விடப்போகும் சமயத்தில் அவள் கண் மஞ்சளை விட்டு ஊசிக்கு ஒரு தாவு தாவித் திரும்பும். தாவியது அவளுக்கே தெரியாது. பலகைக்குத் தெரிந்துவிடும். அந்தத் தாவலால் இரண்டு முறை தேசிய அணியில் இடத்தை இழந்தாள். மூன்றாவது தேர்வுக்கு முன்னால், மற்ற மாநிலத்துப் பெண்கள் செய்துகொண்டதையே அவளும் செய்துகொண்டாள். கண்ணுக்குள் நிலைவிழி வைத்துக்கொண்டாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் நவநீதன். உடுமலைக்குக் கிழக்கே, காற்றாலைகளுக்கு நடுவில் இருக்கிற அந்த மைதானத்தில் நாண் கட்டுவதும் சைட் சரிசெய்வதும் என் வேலை. நானும் வில் எடுத்தவன்தான். மாவட்ட அளவோடு நின்றுகொண்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. நான் பொதுவாகவே ஓரிடத்தில் நின்றுவிடுகிற ஆள். உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டேன், எழுந்து நின்றால் நகரமாட்டேன். "பொழுதுக்கும் எருமையாட்ட நில்லுங்க" என்று தரணிகா கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள். அந்தக் குணம் பிறகு என்ன வேலை செய்தது என்பதுதான் இந்தக் கதை.

நிலைவிழி வைத்தவர் கோவையில் இருக்கிற டாக்டர் ஹசீனா. பேசும்போது மேசைமேல் கிடக்கிற எதையாவது எடுத்துத் திருப்பிக்கொண்டே இருப்பார். அன்று அவர் கையில் ஒரு பேனா மூடி இருந்தது.

"கண்ணு சும்மா நிக்கறதுன்னு ஒண்ணு கெடையாதுங்க," என்றார். "நீங்க என்னை உத்துப் பாக்கறீங்க இல்ல, இப்பக்கூட உங்க கண்ணு உள்ளுக்குள்ள துடிச்சுட்டுத்தான் இருக்கு. அந்தத் துடிப்புலதான் மூளைக்குப் புதுசு புதுசா சேதி போகுது. நிலைவிழி என்ன பண்ணும்னா, துடிக்கறதுக்கு எதிர்ப்பக்கமாப் படத்தை நகர்த்திக் குடுத்துரும். படம் ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்."

"நின்னா நல்லதுதானுங்களே," என்றாள் தரணிகா.

"நின்னா அழிஞ்சிரும்."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

"உங்க மூக்கு மேல கண்ணாடி இருக்கறது உங்களுக்கு இப்பத் தெரியுதுங்களா? நான் சொன்னதுக்கப்புறம்தான் தெரியுது, இல்ல? மாறாத சேதியை மூளை கண்டுக்காது. அசையாத பொருளுக்கு மொதல்ல நெறம் போகும். அப்புறம் ஓரம் போகும். அப்புறம் பின்னாடி என்ன இருக்கோ அதோட ஒண்ணாயிரும்."

"அப்ப மஞ்சளும் போயிருமே?" என்றாள் தரணிகா.

"அதுக்குத்தான் நடுவுல ஒரு சின்ன எடத்தை மட்டும் விட்டு வெச்சிருக்குது. கையை நீட்டிக் கட்டைவெரலைப் பாருங்க. அந்த நகத்தளவு. அங்க மட்டும் அழியாது. எழுபது மீட்டர்ல உங்க பலகை சரியா அதுக்குள்ள அடங்கிரும். சுத்தி இருக்கறது எல்லாம் போயிரும். தாவறதுக்கு எடமே இருக்காது."

"மைதானத்துல சரிங்க. வீட்ல?" என்று நான் கேட்டேன்.

"தலையைத் திருப்பினா எல்லாம் திரும்ப வந்துரும். அசையறது எதுவும் அழியாது. ஒண்ணையே பாத்துட்டிருந்தா மட்டும்தான். ரெண்டு நாள்ல பழகிரும்." பேனா மூடியை மேசையில் வைத்தார். "ஆறு மாசத்துக்குள்ள எடுத்தோம்னா கண்ணு பழையபடி ஆயிரும். அதுக்கப்புறம் எடுத்தும் பிரயோசனமில்ல, துடிக்கறது எப்படின்னு மூளையே மறந்துரும். ஆறாவது மாசம் வாங்க. வெச்சுக்கறதா, எடுக்கறதான்னு அன்னைக்கு நீங்கதான் சொல்லணும்."

தை மாதம் வைத்தார்கள். ஆடி மாதம் தேர்வு. ஆறாவது மாதத்துக் கணக்கு தேர்வுக்குச் சில நாள் முன்னால் முடிந்தது.

மைதானத்தில் அதற்கு 'ஆணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "அக்கா ஆணி அடிச்சாச்சுங்களா?" என்று சின்னப் பெண்கள் அவள் கண்ணுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் விட்ட அம்புகள் மஞ்சளுக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பயிற்சியாளர் ஐசக் சார் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், சுலபத்தில் பாராட்டமாட்டார். பலகையைப் பார்த்துவிட்டு, "எம்மா, இப்படியே போனா எனக்கு இங்க சோலி இல்ல," என்றார். அவர் அளவில் அது பெரிய வார்த்தை.

வீட்டில் வேறு விதமாக இருந்தது. எப்படி என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாடியில் துணி காயப்போட்டுவிட்டு அவள் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பார்த்துக்கொண்டே இருந்தால் முதலில் வயல் போய்விடுமாம். அப்புறம் கம்பங்கள் போய்விடுமாம். வெறும் வானத்தில் மூன்று மூன்று இறக்கைகள் மட்டும், எதன்மேலும் நிற்காமல், மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்குமாம். "தண்ணிக்குள்ள இருந்து பாக்கறாப்பல இருக்குதுங்க," என்பாள். அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்தால் பாத்திரம் இருக்காது, நுரை மட்டும் தானாக எழும்பும். கோயிலில் சாமி இருக்காது; கற்பூரத் தட்டு சுற்றும்போது நிழலசைவில் ஒரு மூக்கு, ஒரு தோள், ஒரு பாதம் என்று வந்து வந்து போகும். வேலியில் காகம் உட்கார்ந்தால் காணோம்; பறந்தால் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து பிறந்து வரும்.

"பயமா இல்லையா உனக்கு?" என்று கேட்டேன்.

"மொதல்ல இருந்துச்சு. இப்ப லேசா இருக்குது. வீட்ல எத்தனை பண்டம் வேண்டாததுன்னு எனக்கு இப்பத்தானே தெரியுது."

அவளுடைய சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மண்டபத்தில் சொந்தக்காரப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, எங்களுக்கு இன்னும் ஏன் விசேஷமில்லை என்பதை ஆளுக்கொரு விதமாகக் கேட்டார்கள். தரணிகா ஒரே முகமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது, "எப்படிப் பொறுத்துக்கிட்ட?" என்றேன்.

"மேடைல மாலையைப் பாத்துட்டு உக்காந்துட்டனுங்க. கொஞ்ச நேரத்துல பெரியம்மா போயிட்டாங்க. அப்புறம் அத்தை போயிட்டாங்க. வெறும் விசிறி மட்டும் அங்கங்க ஆடிட்டிருந்துச்சு. விசிறி என்னத்தைக் கேட்டா என்ன?"

இருவரும் அன்று பொள்ளாச்சி வரை சிரித்தோம்.

நானும் போய்விடுகிறேன் என்பது அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. சாப்பிட உட்காருவோம். ஏதோ யோசனையில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். திடீரென்று, "ஏனுங், இருக்கீங்களா?" என்பாள்.

"உன்ர முன்னாடிதான்."

"எதையாச்சும் ஆட்டுங்க."

சோற்றுக் கையை ஆட்டுவேன். "ம், வந்துட்டீங்க," என்பாள். சில சமயம் வேண்டுமென்றே ஆட்டாமல் இருப்பேன். அவள் கோழியைப் போலத் தலையை வெட்டி வெட்டித் திருப்பி என்னைப் பிடித்துவிடுவாள். விளையாட்டாகத்தான் இருந்தது. அப்படியும் என் முகம் அவளுக்கு முழுசாக நிற்பதில்லை. நேராகப் பார்த்தால் ஒரு கண் இருக்கும், இல்லையென்றால் வாயோரம் இருக்கும், மிச்சம் கரைந்துவிடும். காலையில் எனக்கு முன்னால் எழுந்துகொண்டால் அவள் போர்வையைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். மூச்சுக்கு ஏறி இறங்குகிற அந்த ஒரு மடிப்பு மட்டும் கட்டில்மேல் தனியாக மிதக்குமாம். "அது நீங்கதான்னு நெனைச்சுக்குவேன்," என்றாள். நான் அதற்குப் பிறகு காலாட்டப் பழகினேன். ஸ்பூனால் டம்ளருக்குள் சுற்றிக்கொண்டே டீ குடிப்பேன். என் வாழ்நாளில் அத்தனை அசைந்ததில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

ஆனி மாதத்துக் கடைசி. பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று நாள் முழுக்க வீசுகிற காலம். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தரணிகா மட்டும் எய்யும் கோட்டில் நின்று அம்பு விட்டுக்கொண்டிருந்தாள். பலகையில் ஒட்டியிருந்த காகிதத்தின் ஒரு முனை பிரிந்து படபடத்தது. "குத்திட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஆட்கள் இருந்தால் விசில் ஊதிவிட்டுத்தான் போவோம். இருவர் மட்டும் என்பதால் வாயால் சொன்னதோடு சரி. அவள் பலகைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து கைப்பட்டையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். காற்றில் என் சொல் அவளிடம் போய்ச் சேரவில்லை.

காகிதத்தைக் குத்துகிறபோது குத்தூசி ஒன்று பலகைக்குப் பின்னால் விழுந்தது. பின்னால் போய்க் குனிந்து தேடினேன். எடுத்துக்கொண்டு பலகையின் ஓரமாக வெளியே வந்தால், எதிரே தரணிகா வில்லை முழுக்க இழுத்து, நாணை முகவாயில் பதித்து நிற்கிறாள்.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கையை ஆட்டியிருப்பார்கள், கத்தியிருப்பார்கள், ஓடியிருப்பார்கள். நான் வில்லாளி. இழுத்து நிற்கிறவர் முன்னால் அசையக் கூடாது என்பது எங்களுக்கு எழுத்துக்கு முந்திப் படிந்த பாடம். இழுத்தவர் கண்ணை மஞ்சளிலிருந்து கிளப்பிவிடக் கூடாது. அவராக நாணைத் தளர்த்தி இறக்கும் வரை கல்லாக நிற்க வேண்டும். யோசித்துச் செய்ததல்ல. வெளியே ஒரு காலும் பலகைக்குப் பின்னால் ஒரு காலுமாக, கையில் ஊசியோடு, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றேன். நன்றாக நின்றேன். அவள் கண்ணுக்கு நான் எப்படி இல்லாமல் போவேனோ அப்படி நின்றேன்.

அம்பு வந்தது. அது வருவது தெரியாது, வந்ததுதான் தெரியும். என் இடது தோளுக்கு ஒரு கை நீளம் தள்ளி, மஞ்சளின் நட்டநடுவில் குத்தி, வால் சற்று நேரம் அதிர்ந்தது.

பிறகுதான் நகர்ந்தேன். நான் கோட்டுக்கு வந்ததும் கேட்டாள். "எங்க போயிட்டீங்க?"

"பின்னாடி. ஊசி உழுந்திருச்சு, தேடிட்டிருந்தேன்."

"ம்," என்றாள்.

அதை நான் ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. வரிசையாகவே யோசித்தேன். சொன்னால் அவள் ஆணியை எடுத்துவிடுவாள். எடுத்தால் கண் மறுபடி தாவும். மூன்றாவது முறையும் அணி போகும். நான்காவது முறைக்கு வயது இடம் கொடுக்காது. சொல்லாவிட்டால் ஆறு மாதம் தாண்டிவிடும். அப்புறம் அவள் காலமெல்லாம் அப்படித்தான். இன்று என் தோளுக்கு ஒரு கை தள்ளிப் போனது. நாளை சாலையைக் கடக்கும்போது அவள் எதையாவது உற்றுப் பார்த்தால்? என்றாவது ஒரு பிள்ளை பிறந்து, அது பாயில் அசையாமல் தூங்கினால்? இந்த இடத்துக்கு வந்ததும் என் யோசனை நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன்.

டாக்டரிடம் போகவேண்டிய நாளும் வந்தது. உடுமலையில் கோவை பஸ் ஏறினோம். பஸ் அவளுக்குப் பிடிக்கும். எல்லாமே ஓடுவதால் எதுவும் அழியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து தென்னந்தோப்புகளை ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். கிணத்துக்கடவு தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

"தரணி, அன்னைக்குக் காகிதம் குத்தப் போனேன் இல்ல. நான் பலகைக்குப் பின்னாடி இல்ல. வெளிய வந்துட்டேன். நீ இழுத்து நின்ன. அசையக் கூடாதுன்னு நானும் நின்னுட்டேன். உன்ர அம்பு எனக்குப் பக்கத்துலதான் வந்துச்சு."

அவள் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"உன்ர மேல தப்பு இல்ல," என்றேன். "அந்தக் கண்ணுக்கு நான் தெரிஞ்சிருக்கமாட்டேன். அதைச் சொல்லத்தான்."

"சட்டை தெரிஞ்சுது," என்றாள்.

கண்டக்டர் யாரையோ உள்ளே போகச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சரியாகக் கேட்டதா என்று ஐயமாக இருந்தது.

"என்னது?"

"ஏதோ ஒண்ணு பலகைக்கு அக்கட்டயிருந்து வந்துச்சுங்க. வந்து நின்னுச்சு. நின்னதும் போயிருச்சு. ஆனா காத்து அடிச்சுதில்ல, சட்டை முனை மட்டும் ஆடிட்டே இருந்துச்சு. ஒரு கைக்குட்டை அளவு. புல்லு மேல அது மட்டும் தனியா."

"துணின்னு நெனைச்சிருப்ப."

"அப்படித்தான் எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து உங்க சட்டையை நனைக்கறப்ப, அதே முனையைக் கையில புடிச்சேன்." அவள் இப்போது திரும்பினாள். தலையை வெட்டவில்லை. ஒரே இடத்தில் பார்த்தாள்; எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. "அது என்னன்னு பாக்க ஒரு நொடி போதுங்க. ஆணி கண்ணைக் கட்டிப் போடறதில்லை, திருப்பினாத் திரும்பும். திருப்பினா மஞ்சள் போயிரும். அன்னைக்கு மஞ்சள் எத்தனை நல்லா நின்னுட்டிருந்துச்சு தெரியுங்களா? ஊசி அது மேல அசையவே இல்ல. அப்படி ஒருநாளும் நின்னதில்ல. நான் திருப்பலை."

நான் முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்."

"ம்."

"எதையாச்சும் ஆட்டுங்க."

கையைத் தூக்கினேன். அவள் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். உக்கடம் வரை விடவில்லை.

டாக்டர் ஹசீனா பரிசோதனையை முடித்துவிட்டு, "அருமையாப் பொருந்தியிருக்குங்க," என்றார். "வெச்சுக்கலாம்தானே?"

"எடுத்துருங்க," என்றாள் தரணிகா.

டாக்டரின் கையிலிருந்த டேப் திரும்புவது நின்றது. "தேர்வு பக்கத்துல இருக்கே. எடுத்தா கொஞ்ச நாளைக்குக் கண்ணு முன்னைவிட அதிகமாத் தாவும். அடுத்த வருஷம் வெச்சுக்கலாம்னாலும் முடியாது, ஒரு கண்ணுக்கு ஒரு தடவைதான். ஏதாச்சும் நடந்துச்சுங்களா?"

"ஒண்ணும் நடக்கலைங்க. நடக்காததுனாலதான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

ஐசக் சாருக்கு அவளே போன் செய்தாள். கடைசியில், "கண்ணு உன் கண்ணும்மா. நான் என்னத்தச் சொல்ல," என்றது கேட்டது. அவளுடைய இடத்துக்கு வேறொரு பெண்ணை அழைத்துக்கொண்டு அவர் தேர்வுக்குப் புறப்பட்டுப் போனார்.

கண் கட்டு அவிழ்த்த நாளில் தரணிகா வீட்டு நடுவில் நின்றுகொண்டு சுற்றிலும் பார்த்தாள். "அய்யோ, எத்தனை பண்டம் கெடக்குது," என்று முனகினாள். காலண்டர், பல்பு, ஆணியில் மாட்டிய பை, அலமாரிமேல் கிடந்த பழைய டிபன் கேரியர் என்று ஒவ்வொன்றாகத் திட்டினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காலை ஆட்டவில்லை. அவள் கடைசியாக என்னிடம் வந்து, முகத்தை முழுசாகப் பார்த்தாள். நரை கூடியிருப்பதாகச் சொன்னாள்.

ஆனால் அவள் அமைதியாகவில்லை. ஒன்றைக் கேட்கலாமா வேண்டாமா என்று வைத்துக்கொண்டிருக்கிறவளின் நடமாட்டம் எனக்குத் தெரியும். தேர்வு நடந்த அன்று காலையில் கேட்டாள். மைதானத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. எல்லாரும் வெளியூர் போயிருந்தார்கள்.

"நீங்க வில்லை எடுங்க. நான் பலகைக்குப் பக்கத்துல நிக்கறேன்."

"எதுக்கு?"

"நீங்க நின்ன எடத்துல. அதே மாதிரி."

"கிறுக்குப் புடிச்சுருச்சா உனக்கு?"

"ஆணி இல்லாத கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு எனக்குத் தெரியணும். நானே இழுத்தாத் தெரியாது, என்ர கண்ணு கெட்டுப்போன கண்ணு. உங்க கண்ணுல ஒண்ணுமே வெக்கலை. நீங்க பாத்துச் சொல்லுங்க."

"வெறும் வில்லை வேணா இழுக்கறேன். அம்பு வேண்டாம்."

"அம்பு இல்லாட்டிக் கண்ணு சும்மா நடிக்குமுங்க. உங்களுக்கே தெரியும்." என் கையில் வில்லைக் கொடுத்தாள். "இழுங்க, பாருங்க, எறக்கீருங்க. நீங்க எறக்குவீங்கன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் நிக்கப் போறேன்."

மறுத்திருக்கலாம். அவள் கேட்டது அம்பைப் பற்றிய கேள்வி இல்லை என்று எனக்குப் புரிந்ததால் மறுக்க முடியவில்லை. பஸ்ஸில் அவள் சொன்னதிலிருந்து, நானாக இருந்தால் திருப்பியிருப்பேன் என்ற நினைப்பு என்னிடம் இருந்தது. வாயால் சொன்னதில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

இருவரும் போனில் தொடர்புகொண்டு இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டோம். அவள் நடந்து போனாள். எழுபது மீட்டர் என்பது நடந்து போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு நீளமான தூரம். பலகைக்குப் பக்கத்தில், ஒரு கை தள்ளி நின்றாள். புல் நிறத்துச் சுடிதார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள், காற்றில் எதுவும் ஆடாதபடி. "ம்," என்றாள் காதில்.

அம்பை நாணில் பொருத்தினேன். இழுத்தேன். நாண் முகவாயில் வந்து பதிந்தது. ஊசி எங்கோ கீழே கிடந்து மெதுவாக எழும்பி வந்தது. முதலில் நான் அவளைத்தான் பார்த்தேன். தெளிவாக இருந்தாள். ஆனால் இழுத்த கைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. அது கண்ணை இழுத்துக்கொண்டு போய் மஞ்சளில் வைத்துவிடும். வைத்தது. ஊசி ஈயாக மாறி மஞ்சளின்மேல் மிதந்தது. தோள்பட்டைகள் ஒன்றையொன்று தேடி நெருங்கின. காற்றும் நின்றது. மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, அருகில் வந்து, கதவு திறந்த வீட்டைப் போல நின்றது. வேறு எதுவும் இல்லை. புல் இருந்தது என்று நினைக்கிறேன். அது வெறும் பச்சை. அந்தப் பச்சையில் ஒரு நிழலோ ஓரமோ இல்லை. எத்தனை அமைதி. இவ்வளவு நாளாக நான் ஏன் மாவட்ட அளவோடு நின்றேன் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

விரல்கள் தளர ஆரம்பித்திருந்ததை நான் பார்க்கவில்லை. விரலில் மாட்டிய தோல் உறையில் நாண் நழுவுகிற மெல்லிய சத்தம்தான் கேட்டது.

இறக்கினேன். எப்படி இறக்கினேன் என்று தெரியவில்லை. அம்பைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, பச்சைக்குள்ளிருந்து அவள் மறுபடி வந்துகொண்டிருந்தாள். முதலில் முகம், பிறகு கைகள்.

"தெரிஞ்சனா?" என்றாள் காதில்.

"தெரிஞ்ச."

அவள் கோட்டை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

"கடைசி வரைக்குமா?"

அவளுடைய ஒவ்வோர் அடியும் துல்லியமாகத் தெரிந்தது. செருப்பில் ஒட்டியிருந்த மண்கூட.

"நடந்து வா," என்றேன். "நிக்காம வா. சொல்றேன்."